காகிதத்தில் வெட்டிக் கண்ணாடியில் நிறுத்தியது: மத்தீஸின் வான்ஸ் ஜன்னல்கள்

கேள்வி இதுதான்: "ஓவியர் ஆன்ரி மத்தீஸ் வயதான காலத்தில் கத்தரிக்கோலால் வண்ணத்தாள் வெட்டி ஒரு தேவாலயத்துக்கு ஜன்னல் செய்தார் என்று படித்தேன். காகிதம் எப்படி ஜன்னலாகும்? ஒரு குறிப்பிட்ட இடத்துக்கென்றே இப்படி வெட்டு வடிவங்களால் ஜன்னல் செய்யும் கலைஞர் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்? எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் ஜன்னலில் சிறிதாக ஒன்று செய்து பார்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?"

காகிதம் ஜன்னலாகவில்லை. காகிதத்தில் வெட்டி ஒட்டியது முழு அளவு மாதிரி. ஜன்னலைச் செய்தது பாரிஸைச் சேர்ந்த பால் பொனி என்ற கண்ணாடிக் கைவினைஞர். பொருள், கண்ணாடியும் ஈயமும். மத்தீஸைப் பற்றி எழுதுகிறவர்கள் கத்தரிக்கோல், சக்கர நாற்காலி, தள்ளாத வயது என்று அந்தப் பகுதியை விரிவாகச் சொல்லிவிட்டு மற்றதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் வெட்டுவது இந்த வேலையில் சுலபமான பாதி. அவர் அந்த ஜன்னல்களுக்கு மூன்று முழு வடிவமைப்புகள் செய்து, முதல் இரண்டையும் ஓரம் வைத்தார். ஏன் வைத்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941இல் மத்தீஸுக்குக் குடலில் புற்றுநோய்க்காகப் பிரான்ஸின் லியோனில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் நீண்ட நேரம் நின்று வரையும் தெம்பு போய்விட்டது. 1942இல் நீஸ் நகரில் அவரைக் கவனித்துக்கொள்ள வந்த இளம் செவிலியர் மொனிக் பூர்ஷுவா, பிறகு தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து 1946இல் அருட்சகோதரி ழாக்-மரி ஆனார். 1943இல் குண்டுவீச்சு பயத்தால் மத்தீஸ் நீஸிலிருந்து மலையோர ஊரான வான்ஸுக்குக் குடிபோயிருந்தார். அவர் வீட்டுக்கு எதிரிலேயே அந்தச் சபைச் சகோதரிகள் நடத்திய ஓய்வில்லம். ஒரு பழைய கராஜைத்தான் அவர்கள் சிற்றாலயமாகப் புழங்கி வந்தார்கள். அதற்குப் பதில் ஒன்று கட்டலாம், அதில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்கலாம் என்ற பேச்சில் 1947இல் தொடங்கியது, கடைசியில் கட்டடம், ஜன்னல், சுவர், பீடம், குருவானவரின் திருவுடை வரைக்கும் மத்தீஸ் கைக்கு வந்து சேர்ந்தது. கட்டடக்கலையில் ஆர்வம் கொண்ட ரேசிகியே என்ற இளம் துறவி 1947 டிசம்பரில் அவரைப் பார்க்க வந்தார்; இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். 1949 டிசம்பரில் அடிக்கல், 1951 ஜூன் 25இல் அர்ச்சிப்பு. உடல்நிலை காரணமாக அந்த விழாவுக்கு மத்தீஸ் போகவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம்.

வண்ணத்தாள் என்றதும் கடையில் விற்கும் கலர் பேப்பரை நினைக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் குவாஷ் என்ற, தண்ணீரில் கரையும் அடர்ந்த வண்ணத்தை உதவியாளர்கள் அகலத் தூரிகையால் பூசுவார்கள். காய்ந்ததும் தாள் சுருளும். அதைச் சமப்படுத்தி அடுக்கி வைப்பார்கள். மத்தீஸ் ஒரு தாளை எடுத்து, பென்சில் கோடு எதுவும் போடாமல், பெரிய கத்தரிக்கோலால் நேராக வெட்டுவார். வெட்டி முடித்தால் கையில் இரண்டு பொருள் இருக்கும்: இலை ஒன்று, இலை போன பிறகு மிஞ்சிய தாள் ஒன்று. இரண்டையும் அவர் பயன்படுத்தினார். வெட்டியதை உதவியாளர், பெரும்பாலும் லிடியா தெலெக்டோர்ஸ்கயா, அவர் கை காட்டும் இடத்தில் சுவரில் குண்டூசியால் குத்துவார். கொஞ்சம் மேலே, இல்லை இடப்பக்கம், இன்னும் சற்றுச் சாய்த்து. எடுத்துக் குத்தி எடுத்துக் குத்தி, அந்தத் தாள்களின் ஓரங்களில் ஊசித் துளைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அருங்காட்சியகத்தில் பார்க்க வாய்த்தால் முதலில் அந்தத் துளைகளைப் பாருங்கள். ஒரு வடிவம் எத்தனை முறை இடம் மாறியது என்பது அதில் தெரிந்துவிடும்.

1947இல் வெளியான 'ஜாஸ்' என்ற நூலில், வண்ணத்துக்குள் நேரடியாக வெட்டுவது சிற்பிகள் கல்லை நேரடியாகச் செதுக்குவதை நினைவூட்டுவதாக மத்தீஸ் எழுதினார். ஓவியத்தில் கோடு முதலில், வண்ணம் பிறகு. இங்கே கோடும் வண்ணமும் ஒரே வெட்டில் வருகின்றன. ஜன்னல் வேலைக்கு இது தோதான பழக்கம், ஏனென்றால் கண்ணாடியும் அப்படித்தான்: வண்ணத்தை அதன்மேல் பூசப் போவதில்லை, வண்ணமாகவே இருக்கும் பொருளை வெட்டப் போகிறோம்.

இந்தக் காகித முறை அவருக்கு நோயில் படுத்தபோது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்பே வந்தது, அதுவும் ஒரு கட்டடத்தோடு மல்லுக்கட்டியபோது. 1930இல் பிலடெல்பியா அருகே மெரியன் என்ற இடத்தில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற சேகரிப்பாளர், தன் கூடத்தில் மூன்று உயரமான ஜன்னல்களுக்கு மேலிருந்த வளைவுகளில் ஒரு சுவரோவியம் கேட்டார். நடனமாடும் உருவங்கள். மனிதர் அளவைவிடப் பெரிய உருவங்களைக் கான்வாஸில் வரைந்து அழித்து வரைவதற்குப் பதில், வண்ணம் பூசிய தாள்களை வெட்டிக் குத்தி நகர்த்திப் பார்த்தார். நெடுங்காலம் உழைத்த பிறகு தெரிந்தது, தான் வைத்திருந்த அளவே தவறு என்று. வளைவுகளுக்கு இடையிலிருந்த அகலம் பொருந்தவில்லை. ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அவர் அப்படிச் செய்யவில்லை, புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அது 1933இல் மெரியனில் ஏறியது. தவறான அளவில் செய்தது இப்போது பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவெடுப்பதை ஆசாரி வேலை என்று ஒதுக்கும் கலைஞர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

வான்ஸில் அளவுப் பிரச்சினையை அவர் வேறு வழியில் தீர்த்தார். 1949 தொடக்கத்தில் நீஸின் சிமியே பகுதியில் ரெஜினா என்ற பழைய பெரும் விடுதிக் கட்டடத்துக்குத் திரும்பினார். அங்கிருந்த அவருடைய பெரிய அறை, கட்டப்போகும் சிற்றாலயத்தின் அளவை நெருங்கியது. ஆகவே சுருக்கிய வரைபடத்தில் இல்லாமல், உண்மை அளவில், உண்மை உயரத்தில் எல்லாவற்றையும் சுவரில் ஏற்றிப் பார்க்க முடிந்தது. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரிக்கோலைக் கட்டி அவர் சுவரில் வரையும் புகைப்படங்கள் இந்தக் காலத்தவை. மேசையில் கையகலத்தில் அழகாக இருக்கும் இலை, ஐந்து மீட்டர் உயரத்தில் வெறும் புள்ளியாகிவிடும். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ஏற்றிப் பார்த்துத்தான் தெரியும்.

முதல் வடிவமைப்பு 1948இல் செய்த 'விண்ணக எருசலேம்'. பைபிளின் திருவெளிப்பாடு நூலில் வரும் ஒளிமயமான நகரம்தான் கரு. வண்ணத் துண்டுகள் கட்டம் கட்டமாக அடுக்கி எழும்பும். அழகுதான். ஆனால் எனக்கு அது எந்த ஊர்த் தேவாலயத்திலும் பொருந்திவிடக்கூடிய வண்ணக் கண்ணாடியாகவே தெரிகிறது. வான்ஸுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. அதில் அவருக்கும் நிறைவில்லை.

இரண்டாவது, 1948 முடிவிலும் 1949 தொடக்கத்திலும் செய்த 'வெளிர்நீல ஜன்னல்'. ஐந்து மீட்டர் உயரம். பாசிபோலவும் பனையோலைபோலவும் விரல் விரிக்கும் இலைகள் மிதக்கின்றன. காகிதத்தில் மூன்றிலும் நளினமானது இதுதான் என்பேன். இதைச் செய்து முடித்த பிறகுதான் ஈயம் குறுக்கே வந்தது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைகளுக்கு இதில் இடமே விடவில்லை.

இந்த ஈய விஷயம் வாசகருக்குப் புரியாமல் போனால் மீதி எதுவும் புரியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். காகிதத்தில் நீலத் தாளின்மேல் மஞ்சள் இலையை வைத்தால் வேலை முடிந்தது. கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று வைப்பதில்லை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றுதான். மஞ்சள் இலை உட்கார வேண்டுமானால் நீலக் கண்ணாடியின் நடுவில் அதே இலை வடிவத்தில் ஓட்டை வேண்டும். கண்ணாடியில் அப்படி ஓட்டை வெட்ட முடியாது. கீறி உடைக்கும்போது விரிசல் உட்புற வளைவில் நிற்காமல் நேராக ஓடிவிடும். எனவே இலையைச் சுற்றியுள்ள நீலத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஈயப் பட்டை, அதாவது வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்புக் கோடு. இலையின் விரலிடுக்கு குறுகலாக இருந்தால் அங்கே கண்ணாடி உடையும், அதற்கும் ஒரு கோடு. மிதக்கும் இலைகள் நிறைந்த ஒரு வடிவமைப்பை இப்படி மாற்றினால் கலைஞர் போடாத நூறு கோடுகள் அதில் முளைத்துவிடும்.

பட்டறையில் இது எப்படி நடக்கிறது என்றால், முழு அளவு மாதிரியிலிருந்து ஈயம் போகும் கோடுகளைப் படியெடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, தடித்த தாளில் அச்சு வெட்டுவார்கள். அதற்கென்று மூன்று அலகுள்ள கத்தரிக்கோல் ஒன்று உண்டு. சாதாரணக் கத்தரிக்கோல் தாளை இரண்டாகப் பிரிக்கும். இது வெட்டும்போதே நடுவில் ஒரு மெல்லிய இழையை எடுத்துப் போட்டுவிடும். ஈயப் பட்டையின் குறுக்குவெட்டு ஆங்கில எச் எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல் இருக்கும். இருபுறப் பள்ளத்திலும் கண்ணாடி செருகும். நடுத்தண்டின் தடிமன் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். அந்த இழை போன இடத்தில்தான் அந்தத் தண்டு உட்காரும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் சில மில்லிமீட்டர் கூடிக்கூடி, கடைசியில் ஜன்னல் சட்டத்துக்குள் போகாது. அச்சைக் கண்ணாடிமேல் வைத்துக் கீறி உடைத்து, ஈயத்தில் செருகி, சந்திகளில் பற்றுவைத்து, இடுக்குகளை அடைக்கும் மக்கைத் தேய்த்தால் ஒரு பலகை முடிந்தது. மத்தீஸின் கத்தரிக்கோலுக்கும் இந்தப் பட்டறைக் கத்தரிக்கோலுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவருடைய இரண்டாவது வடிவமைப்பு விழுந்த பள்ளம்.

சரி, அதையும் ஓரம் வைத்தார். மூன்றாவது, 1949இல் செய்த 'வாழ்வின் மரம்'. இப்போது வான்ஸில் நிற்பது இதுதான். பீடத்துக்குப் பின்னால் உள்ள இரட்டை ஜன்னலில் சப்பாத்திக்கள்ளி. ஆமாம், நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிற அதே செடி. அமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றி மத்தியதரைக்கடல் கரையெங்கும் பரவிவிட்ட ஒன்று. பனையோலையின் விரல்களை விட்டுவிட்டு, தடித்த உருண்டை மடல்களுக்கு வந்தது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். கள்ளி மடலின் விளிம்பு கண்ணாடி வெட்டுக்கு இணங்கிவரும் வளைவு. வடிவங்கள் பெரிதாயின, எண்ணிக்கையில் குறைந்தன. இலையின் ஓரமும் ஈயக் கோடும் ஒன்றாகவே போகின்றன. இரண்டாவது மாதிரியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் முரடாகத் தோன்றும். காகிதத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்ற வேண்டும்.

வண்ணங்கள் மூன்றே: அல்ட்ராமரின் நீலம், பாட்டில் பச்சை, எலுமிச்சை மஞ்சள். இவை சாதாரண நிறங்கள்தான், எது எவ்வளவு என்ற விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று மத்தீஸே விளக்கினார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த முடிவு. நீலமும் பச்சையும் தெளிந்த கண்ணாடி. அவற்றின் வழியே வெளியே தோட்டமும் மரமும் தெரியும். மஞ்சளை மட்டும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வரும், பார்வை போகாது என்று வைத்தார். அதனால் மஞ்சள் இலைகள் நம் பக்கம், அறைக்குள் நிற்பதுபோல் இருக்கும். நீலமும் பச்சையும் பின்னால் தோட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தட்டையான ஒரு ஜன்னலில் முன், பின் என்று ஆழம் வந்துவிட்டது. காகிதத்தில் இது கிடையாது. குவாஷ் பூசிய மூன்று தாள்களும் ஒரே அளவு ஒளிபுகாதவை. அந்த வேறுபாட்டை வான்ஸ் தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் யோசிக்க முடியும்.

சிவப்பு ஏன் இல்லை என்று கேட்பார்கள். எதிர்ச்சுவரைப் பார்த்தால் தெரியும். ஜன்னல்கள் தெற்கிலும் மேற்கிலும். அவற்றுக்கு எதிரே உள்ள சுவர்களில் வெள்ளைப் பளபளப்பு ஓடுகள் பதித்து, அவற்றில் கறுப்புக் கோட்டில் மட்டும் புனித தொமினிக், குழந்தையோடு மரியா, சிலுவைப்பாதை. சுவரில் வண்ணமே கிடையாது. வண்ணம் ஜன்னல் வழியாக வந்து அந்த வெள்ளையில் விழ வேண்டும் என்று காலியாக விட்டிருக்கிறார். வெயில் ஏறியதும் ஓட்டிலும் தரையிலும் நீலமும் பச்சையும் மஞ்சளும் படர்ந்து, ஒன்றோடொன்று கலந்து, இல்லாத ஊதாவும் இளஞ்சிவப்பும்கூடக் கண்ணுக்குத் தோன்றும் என்று போய்வந்தவர்கள் சொல்வதுண்டு. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் வேலையில் பாதியைத்தான் பார்க்கிறார். மீதிப் பாதி அவர் முதுகுக்குப் பின்னால்.

குளிர்காலக் காலை பதினொரு மணிதான் அங்கே நல்ல நேரம் என்று மத்தீஸ் சொன்னதாக அங்கு போகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு வருவார்கள். காரணம் எளிய கணக்கு. வான்ஸ் சுமார் 43.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் உச்சிவேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிதான் எழும்பும். ஜூனில் கிட்டத்தட்ட 70 டிகிரி. 3 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மஞ்சள் இலையின் ஒளி, டிசம்பரில் அறைக்குள் ஏழு மீட்டர் தள்ளிப் போய் விழும். ஜூனில் ஒரு மீட்டர் சொச்சத்தில், ஜன்னலடியிலேயே விழுந்துவிடும். கோடையில் போகிறவர்கள் பார்ப்பது ஜன்னலை, குளிர்காலத்தில் போகிறவர்கள் பார்ப்பது அறையை.

இதற்குப் பிறகும் அவர் ஜன்னல் செய்தார். 1952இல் அமெரிக்காவின் லைஃப் இதழுக்காகச் செய்த 'கிறிஸ்துமஸ் முன்னிரவு' மாதிரியும், பொனி அதிலிருந்து செய்த கண்ணாடியும் இரண்டுமே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காகிதம் எதை இழந்து எதைப் பெற்றது என்று பழக நல்ல ஜோடி. மாதிரிக்கும் ஜன்னலுக்கும் உள்ள உறவை, இசைக்குறிப்புக்கும் வாத்தியக் குழு அதை வாசிப்பதற்கும் உள்ள உறவுபோல என்று மத்தீஸ் சொன்னது அதைப் பார்த்துத்தான். 1954இல் இறப்பதற்குச் சற்று முன் நியூயார்க் மாநிலத்தின் பொகான்டிகோ ஹில்ஸ் ஊர்த் தேவாலயத்துக்கு வட்ட ஜன்னல் ஒன்றும் வடிவமைத்தார். அந்த இடத்தை அவர் நேரில் பார்த்ததில்லை, அளவுகளை வைத்துச் செய்தது. அடக்கமான, நல்ல ஜன்னல். ஆனால் வான்ஸில்போல அறையோடு பேசும் ஜன்னல் அல்ல. 'வாழ்வின் மரம்' காகித மாதிரியைப் பார்க்க வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வெளிர்நீலம் பாரிஸின் பொம்பிதூ மையத்தின் சேகரிப்பு. அந்தக் கட்டடம் 2025 முதல் புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறது.

இனி உங்கள் நூலக ஜன்னல். மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்: வெயில், எதிர்ச்சுவர், கம்பி, அப்புறம்தான் இலை.

வெயிலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் வான்ஸ் கணக்கு இங்கே செல்லாது. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் உச்சியிலேயே சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். அதே 3 மீட்டர் இலையின் ஒளி இரண்டு மீட்டர் சொச்சம்தான் உள்ளே வரும். ஜூன் உச்சியில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது, ஆகவே தெற்கு ஜன்னலுக்கு அப்போது நேர்வெயிலே கிடையாது. போதாததற்கு நம் கட்டடங்களில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இருக்கும். தரையில் வண்ணம் படர வேண்டும் என்றால் கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். நூலகத்துக்குச் சாயங்காலம்தான் கூட்டம் வரும் என்றால் மேற்கு. படர்கிற இடம் எது என்றும் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரையிலும் அடர்நிற மொசைக்கிலும் வண்ண ஒளி தெரியாது. வெள்ளை டைல்ஸோ சுண்ணாம்பு அடித்த சுவரோ வேண்டும். அங்கே புத்தக அலமாரி நின்றால் வண்ணமெல்லாம் புத்தக முதுகில் போய் விழும். அதுவும் மோசமில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். புத்தகங்கள் தினமும் வெயில் பட்டு வெளுக்கும் என்று நூலகர் சொன்னால் அவர் சொல்வதே சரி.

யார் பார்ப்பதற்கு என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். பகலில் தெருவிலிருந்து பார்த்தால் கண்ணாடி இருட்டாகத்தான் இருக்கும், வண்ணம் எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவருக்குத்தான் விருந்து. இருட்டிய பிறகு உள்ளே விளக்கு எரிந்தால் இது அப்படியே மாறும்.

அடுத்தது கம்பி. மத்தீஸுக்கு ஈயம் வந்து மறித்ததுபோல நமக்கு ஜன்னல் கிரில் வந்து மறிக்கும். வண்ணம் எங்கே விழுகிறதோ அங்கே கிரில் நிழலும் விழும், தவிர்க்க முடியாது. அதைப் படத்தில் முதலிலேயே கறுப்புக் கோடாகப் போட்டுவிட்டு, இலையின் ஓரத்தையோ தண்டையோ அதன்மேல் ஓட விடுங்கள். இன்னொன்று, நம் ஜன்னல்கள் திறக்கும். காற்றுக்காக நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் கதவில் ஒட்டினால் வடிவம் சுவரைப் பார்த்து மடிந்துகிடக்கும். மேலே திறக்காத கண்ணாடிப் பகுதி இருந்தால் அது உத்தமம்.

இதெல்லாம் ஆன பிறகு, பழைய செய்தித்தாளை இலை வடிவங்களாக வெட்டி, உண்மை அளவில், மாஸ்கிங் டேப்பால் கண்ணாடியிலேயே ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கணினித் திரையில் செய்யும் மாதிரி இதற்கு மாற்று ஆகாது. மணிக்கொரு தடவை ஒரே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எதை எடுக்க வேண்டும் என்று தானாகவே தெரியும். கிட்டத்தட்ட எப்போதும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், சேர்க்க அல்ல.

பொருளுக்கு ஒளி ஊடுருவும் வண்ண வினைல் (பிளாஸ்டிக் ஒட்டுத்தாள்) கேளுங்கள். வண்டிக்கு நம்பர் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் கட்டிங் மெஷின் இருக்கும், கையால் வெட்டியதை ஸ்கேன் செய்து கொடுத்தால் வெட்டித் தருவார்கள். ஆனால் அவர்களிடம் வழக்கமாக இருப்பது ஒளி புகாத ஸ்டிக்கர். அதை ஒட்டினால் உள்ளேயிருந்து எல்லா நிறமும் கறுப்பாகத்தான் தெரியும், வாங்கும் முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிழலுருவம்தான் வேண்டும் என்றால் அதுவே போதும். பின்ஹெட் கண்ணாடி என்றால் மேடு பள்ளம் உள்ள பக்கம் ஒட்டாது, வழவழப்பான பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். அந்தப் பக்கம் வெளியே இருந்தால் மழையும் வெயிலும் தாங்கும் ரகம் வேண்டும். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, துளி சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, அதன்மேல் ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சரியான பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். கூர்மையான நுனிகள்தான் முதலில் உரியும், அவற்றைக் கொஞ்சம் உருட்டி வெட்டுவது நல்லது.

நேர்வெயில் படும் பழைய கண்ணாடியில் பாதியை மட்டும் அடர்நிற வினைலால் பெரிதாக மறைக்க வேண்டாம். மறைத்த பகுதி சூடேறி விரியும், மற்றது விரியாது, ஒரு மதியம் கண்ணாடி ஓரத்திலிருந்து கீறிக்கொண்டு போகும். டஃப்பன் செய்த, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி என்றால் இந்தப் பயம் குறைவு. எது என்று தெரியாவிட்டால் வெளிர் நிறங்களோடு நிறுத்திக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு ஒட்டுங்கள்.